காரைக்குடி பக்கம் ஒரு பொய்யை வச்சு லவ் காமெடி கதை எழுதுறது எப்படி

மொதல்ல பொய்யை முடிவு பண்ணுங்க. சின்னப் பொய்யா இருக்கணும், ஆனா வாபஸ் வாங்க முடியாததா இருக்கணும். உதாரணத்துக்கு, கானாடுகாத்தான்ல ஷூட்டிங்குக்கு லைட் தூக்குற பையன் அங்க இருக்க ஒரு பெரிய செட்டியார் வீட்டைக் காட்டி "இது எங்க வீடுங்க"ன்னு ஹீரோயின்கிட்ட விட்டுடுறான்.

அடுத்து எப்படி மாட்டுவான்? நம்ம ஊர்ல இதுக்குப் பஞ்சமே இல்ல, ஒரு வீட்டுக்கு ஏகப்பட்ட பங்காளிங்க, பாதிப் பேரு சென்னை சிங்கப்பூர்னு செட்டில், எவனாவது ஒருத்தன் சாவியோட வந்து இறங்குனா போதும். அதைவிட டேஞ்சர் வளவுல, அதாவது வீட்டு நடு முற்றத்துப் பக்கம், உக்காந்திருக்க அப்பத்தா, "தம்பி, நீங்க எந்தக் கோயில்?"னு கேப்பாங்க பாருங்க. நகரத்தார்ல, அதாவது இந்தப் பெரிய வீட்டுச் செட்டியாருங்கள்ல, 9 கோயில் பிரிவு, பொதுவா ஒரே கோயில்காரங்கன்னா பங்காளி முறை, கல்யாணம் பண்ண முடியாது, இவன் தெரியாம பிள்ளையார்பட்டின்னு உளற, பொண்ணு வீடும் அதே கோயில்னா லவ்வர் தங்கச்சி ஆயிடுவா. இண்டர்வெல் ரெடி.

ஹீரோயினை ஏமாளியா மட்டும் எழுதிடாதீங்க ப்ளீஸ், பார்த்துப் பார்த்து அலுத்துப்போச்சு. அவளுக்கு மொத நாளே தெரியும், சும்மா வேடிக்கை பாக்குறான்னு வைங்க.

உண்மைய ஒத்துக்கிற சீன் மழையில வேணாம், அடுப்படியில வைங்க. அவ வெள்ளைப் பணியாரம் ஊத்துறா, மாவு எண்ணெய்க்குள்ள போயி உப்பி மேல வருது, இவன் வாயத் தொறக்குறப்பல்லாம் "கரண்டி எடு"ங்கிறா. ஸாரி டயலாக் நாலு வரிக்கு மேல போச்சுன்னா வெட்டிடுங்க.