ஜப்பானிய மொழி: பாதியில் விட்டுவிடாமல் படிக்க

"ஆர்வம் குறைஞ்சு போச்சு" என்று சொல்லித்தான் பலரும் ஜப்பானிய வகுப்பை விடுகிறார்கள். எப்போது குறைந்தது என்று தோண்டிக் கேட்டால் பதில் பெரும்பாலும் இந்த நான்கில் ஒன்றாக இருக்கும்: கதகானா எழுத்துகள், 'தே' வடிவம் என்ற வினைச்சொல் மாற்றம், நூறைத் தாண்டும் காஞ்சி (சீனத்திலிருந்து வந்த எழுத்துகள்), தேர்வு முடிந்த மறுவாரம். வழுக்கும் இடம் எது என்று தெரிந்துகொண்டு நடப்பவர் விழுவது குறைவு.

முதலில் படிக்கும் எழுத்து வகையான ஹிரகானாவில் அடிப்படை எழுத்துகள் 46. நாளுக்கு ஐந்து என்று வைத்துக்கொண்டால் பத்து நாளில் முடிந்துவிடும். 247 எழுத்து படித்து வளர்ந்தவர்களுக்கு இது மலைப்பே இல்லை. அதே ஒலிகளுக்கு இன்னொரு 46 எழுத்தாக வரும் கதகானாதான் சோர்வைத் தரும். பாடப்புத்தகத்தில் குறைவாகவே கண்ணில் படுவதால் படித்த வேகத்தில் மறந்துபோகும். குறிப்பாக 'ஷி', 'ட்சு' இரண்டும் அச்சாக ஒன்றுபோலத் தெரியும். பார்த்து மனப்பாடம் செய்யாமல் எழுதிப் பாருங்கள். 'ஷி'யில் சின்னக் கோடுகள் இடப்பக்கம் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கும், நீளக் கோடு கீழிருந்து மேலே போகும். 'ட்சு'வில் சின்னக் கோடுகள் மேலே பக்கத்துப் பக்கத்தில் நிற்கும், நீளக் கோடு மேலிருந்து கீழே இறங்கும். கையில் ஐம்பது முறை ஓடிவிட்டால் கண் குழம்பாது.

உச்சரிப்பைத் தமிழில் எழுதிவைக்கும் பழக்கத்தை முதல் வாரத்தோடு நிறுத்திவிட வேண்டும். ஜப்பானியத்தில் தங்கமும் வெள்ளியும் முதல் ஒலியின் வல்லொலி, மெல்லொலி (k, g) வித்தியாசத்தில் மட்டுமே வேறுபடும் இரண்டு சொற்கள். தமிழில் எழுதினால் இரண்டுமே 'கின்'தான். மூன்றாம் மாதம் கேட்கும் பயிற்சியில் ஒன்றும் பிடிபடாமல் மனம் விட்டுப்போவதற்கு இப்படி எழுதிவைத்த நோட்டும் ஒரு காரணம். (இங்கே தமிழில் எழுதியிருப்பது வாசிக்கும் வசதிக்காக மட்டும்; உங்கள் நோட்டில் ஹிரகானாதான் இருக்க வேண்டும்.) குறில் நெடிலும் ஒற்று இரட்டிப்பதும் நமக்குப் பிறவியிலேயே வந்தவை. 'படு', 'பாடு', 'பாட்டு' மூன்றையும் பிரித்துக் கேட்கும் காதுக்கு 'கிதே' (வந்து), 'கித்தே' (தபால்தலை) குழப்பமே இல்லை.

தே வடிவம்: நம் வினையெச்சம்

பல வகுப்புகளில் நடத்தும் 'மின்னா நோ நிஹோங்கோ' புத்தகத்தில் இது 14-ஆம் பாடத்தில் வருகிறது. வினைச்சொல்லின் ஈற்றைப் பொறுத்து 'த்தே', 'ந்தே', 'இதே', 'ஷிதே' என்று மாறும் ஓர் அட்டவணையைக் கொடுத்து உருப்போடச் சொல்வார்கள். அந்த அட்டவணையைப் பார்த்து மிரண்டு நின்றுபோகிறவர்கள் நிறையப் பேர்.

தமிழர்கள் மிரள வேண்டியதில்லை. போ என்பது போய், எழுது என்பது எழுதி, படி என்பது படித்து, உண் என்பது உண்டு என்று நாமும் மாற்றுகிறோம். அட்டவணை பார்த்துச் செய்வதில்லை. தே வடிவம் செய்வதும் அதே வேலைதான். இன்னும் கிட்டப் போய்ப் பாருங்கள். 'தபெதே' என்றால் சாப்பிட்டு, 'மிரு' என்றால் பார்; 'தபெதே மிரு' என்றால் சாப்பிட்டுப் பார். 'கய்தே' என்றால் எழுதி, 'ஒகு' என்றால் வை. 'கய்தே ஒகு' என்றால் எழுதி வை. ஆங்கிலம் வழியாகப் படித்தால் இவை தனித்தனி இலக்கண விதிகள். தமிழ் வழியாகப் படித்தால் ஏற்கெனவே வாயில் இருக்கும் பேச்சு. வேற்றுமை உருபும் 'உம்'மும் அப்படியே: 'கக்கோ நி இகிமஸ்' என்பது பள்ளி-க்கு-ப் போகிறேன், 'வதஷி மோ' என்பது நான்-உம். சொல் வரிசைகூட மாறுவதில்லை. எனவே மொழிபெயர்ப்புக் குறிப்புகளை ஆங்கிலத்தில் எழுதாதீர்கள், தமிழில் எழுதுங்கள். பத்து வினைச்சொல்லை 'போய், எழுதி, சாப்பிட்டு' என்ற ஓசையோடு சேர்த்துத் தினமும் ஐந்து நிமிடம் வாய்விட்டுச் சொன்னால், இரண்டு வாரத்தில் அட்டவணை தேவைப்படாது.

தமிழ் கைகொடுக்காத இடமும் உண்டு. எழுவாயை ஒட்டி வரும் 'வா', 'கா' என்ற இரண்டு இடைச்சொற்களின் வித்தியாசம் அப்படிப்பட்டது. முதல் ஆறு மாதம் அதைத் தீர்க்க முயலாமல் வாக்கியங்களாகவே மனதில் ஏற்றிக்கொண்டு நகர்ந்துவிடுங்கள்.

காஞ்சியும் அங்கியும்

அன்றாடப் பயன்பாட்டுக்கென ஜப்பான் அரசு வகுத்த காஞ்சிப் பட்டியலில் 2,136 எழுத்துகள். அந்த எண்ணை மறந்துவிடுங்கள். ஜேஎல்பிடி என்ற ஜப்பானிய மொழித் திறன் தேர்வில் தொடக்க நிலையான என்5-க்கு ஏறத்தாழ நூறு, அடுத்த நிலையான என்4-க்கு முந்நூறு போதும். நூறைத் தாண்டியதும் ஒன்றுபோல் இருப்பவை மோதத் தொடங்கும். காத்திருத்தல், கையில் வைத்திருத்தல், சிறப்பு, நேரம் ஆகிய நான்கு காஞ்சிக்கும் வலப்பக்கம் ஒரே 'கோயில்' உறுப்புதான். இடப்பக்கம் மட்டும் மாறும்: முறையே நடை, கை, மாடு, சூரியன். இவற்றை வெவ்வேறு நாளில் படித்தால் குழம்பும். ஒரே தாளில் நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினால் தெளியும்.

மறுபார்வைக்கு அங்கி (Anki: கேள்வி-பதில் அட்டைகளைத் திரும்பத் திரும்பக் காட்டும் செயலி) வைத்திருப்பவர்கள் முதலில் அமைப்பை மாற்றுங்கள். அதில் நாளுக்கு 20 புது அட்டை என்று இருக்கும். ஒரு மாதத்தில் மறுபார்வை மட்டும் தினம் நூற்றைம்பது அளவுக்கு ஏறி, வேலைக்குப் போகிறவரை விழுங்கிவிடும். ஏழு போதும். நாளுக்கு ஏழு என்றால் என்5-க்கான சுமார் 800 சொற்கள் நான்கு மாதத்தில் முடிகின்றன. பண்டிகை, காய்ச்சல் என்று நான்கு நாள் விட்டுப்போனால் குவியலைக் கண்டதும் செயலியையே திறக்கத் தோன்றாது. அப்போது புது அட்டையை பூஜ்யமாக்குங்கள், மறுபார்வை வரம்பை 80 என்று வையுங்கள். ஒரு வாரம், பத்து நாளில் குவியல் கரைந்துவிடும். எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்குவதுதான் செய்யவே கூடாத காரியம். அப்படித் தொடங்கியவர்கள் மறுபடியும் அதே இடத்தில்தான் நிற்கிறார்கள்.

தேர்வு தேதி

ஜேஎல்பிடி தேர்வு ஜூலையிலும் டிசம்பரிலும் முதல் ஞாயிறு நடக்கும். பதிவு மாதங்களுக்கு முன்பே முடிந்துவிடுவதால், பணம் கட்டிய ரசீதே நல்ல தூண்டுகோல். என்5-இல் 180-க்கு 80 எடுத்தால் தேர்ச்சி. ஆனால் கேட்டல் பகுதியில் 60-க்கு 19 தனியாக வர வேண்டும். இலக்கணத்தில் நிறைய வாங்கியும் கேட்டலில் 17 வாங்கித் தோற்பவர்கள் உண்டு. அப்படித் தோற்றால் மனம் ரொம்பவே ஒடிந்துபோகும். தினமும் பதினைந்து நிமிடக் கேட்டலை முதல் மாதத்திலேயே தொடங்கிவிடுங்கள். ஜப்பான் ஃபவுண்டேஷனின் 'இரோதொரி' பாடங்கள் ஒலிக்கோப்போடு இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரே உரையாடலை ஐந்து நாள் கேளுங்கள்: முதல் இரண்டு நாள் புத்தகம் பார்க்காமல், மூன்றாம் நாள் பார்த்து, கடைசி இரண்டு நாள் கூடவே வாய்விட்டுச் சொல்லி.

தேர்வு முடிந்து முடிவு வர ஏழெட்டு வாரம் ஆகும். புத்தகத்தை மூடிவைத்து அந்த இடைவெளியில் மறந்துபோகிறவர்கள்தான் அதிகம். இந்தத் தேர்வில் பேச்சுப் பகுதியே கிடையாது. ஆகவே அந்த வாரங்களைப் பேச்சுக்குக் கொடுங்கள். தேர்வுக்கு மறுநாள் திங்கட்கிழமை புது அட்டை வேண்டாம், பழையவை மட்டும் பத்து நிமிடம். அன்று இரவே அன்றைக்குச் செய்த ஐந்து காரியங்களை ஜப்பானியத்தில் சொல்லி ஃபோனில் பதிவு செய்துவையுங்கள்.