பளிச்சென்று எரியும், பொய் சொல்லும்: டிஜிட்டல் வோல்ட்மீட்டர் செய்வோர் சறுக்கும் இடங்கள்

நான் முதலில் செய்த டிஜிட்டல் வோல்ட்மீட்டர் வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரியை 13.1 வோல்ட் என்று காட்டியது. இரண்டு நாள் பெருமையோடு பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் நண்பரின் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தால் 12.3. முள் அசையும் பழைய மீட்டர் என்றால் ஒரு சந்தேகமாவது வந்திருக்கும். சிவப்பு எண்கள் புள்ளி வைத்துச் சொன்னால் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை.

இங்கே எடுத்துக்கொள்வது ஐசிஎல் 7107 என்ற ஐசி. நாற்பது கால்கள் கொண்டது. எல்இடி எண்களை நேரடியாக எரிக்கும், 1999 வரை எண்ணும், நிரல் எழுதும் வேலை கிடையாது. கற்றுக்கொள்பவர்களுக்கு இதைவிட நல்ல ஐசி இல்லை என்பது என் கட்சி.

கண்ணுக்குத் தெரியும் தவறுகளை முதலில் முடித்துவிடுவோம். டிஸ்ப்ளே காமன் ஆனோடு வகையாக (எல்லாக் கோடுகளின் நேர்மின் முனைகளும் ஒன்றாக இணைந்தது) இருக்க வேண்டும். எதிர்மின் முனைகள் இணைந்த காமன் கேத்தோடு வாங்கி வந்தால் ஒன்றும் எரியாது. 9 வோல்ட் பேட்டரியில் ஓடுவது எல்சிடிக்கான 7106. அதே பேட்டரியை 7107க்குக் கொடுத்தால் ஐசி போய்விடும், அதன் உச்ச வரம்பே 6 வோல்ட்தான். 37ஆம் காலை நேர்மின் சப்ளையோடு ஒரு நொடி தொட்டால் ‘-1888’ எரிய வேண்டும். எந்தக் கோடு எரியவில்லையோ அந்த ஒயரைப் பாருங்கள். உள்ளீட்டில் எதையும் இணைக்காதபோது எண்கள் தாறுமாறாக அலையும். அது பழுதல்ல.

எதிர்மின் சப்ளையைத் தவிர்ப்பது அடுத்த தவறு. +5 வோல்ட்டோடு -5 வோல்ட்டும் வேண்டும் என்று படித்ததும், ‘ஐந்து மட்டும் கொடுத்துப் பார்ப்போமே’ என்று தோன்றும். எண்கள் எரியவும் செய்யும். ஆனால் உள்ளீட்டின் ஒரு முனை பூஜ்யத்தில் இருக்கும்போது, அளக்கும் பகுதிக்கு அதற்குக் கீழே இறங்க இடம் வேண்டும். அந்த இடம்தான் -5 வோல்ட். 7660 என்ற சின்ன ஐசியும் இரண்டு கெப்பாசிட்டர்களும் அதை உண்டாக்கிவிடும்.

இனி என் 13.1க்கு வருகிறேன். இந்த ஐசி உள்ளே வரும் மின்னழுத்தத்தைத் தனியாக அளப்பதில்லை. ரெஃபரன்ஸ் என்ற, நாம் அமைத்துக் கொடுக்கும் நிலையான மின்னழுத்தத்தோடு ஒப்பிட்டு, அதன் விகிதத்தை 1000ஆல் பெருக்கிக் காட்டுகிறது. பேட்டரியின் மின்னழுத்தம் பத்தில் ஒன்றாகக் குறைந்துதான் ஐசிக்கு வருகிறது (எப்படி என்பது கடைசியில்), அதனால் 2 வோல்ட் அளவீடு போதும். அதற்கு 36, 35ஆம் கால்களுக்கு இடையே சரியாக 1.000 வோல்ட் இருக்க வேண்டும். என்னிடம் 0.94 இருந்தது. வகுத்துப் பாருங்கள், 12.3 எப்படி 13.1 ஆனது என்பது புரியும். இத்தனைக்கும் நான் சோதனை செய்திருந்தேன்! உள்ளீட்டை ரெஃபரன்ஸோடு இணைத்தால் 1000 காட்ட வேண்டும் என்பது விதி. காட்டியது. ஏன் காட்டாது? தன்னைத் தன்னாலேயே வகுத்தால் ஒன்றுதான் வரும். ஐசி உயிரோடு இருக்கிறது என்பதற்கு அந்தச் சோதனை போதும், அளவு சரி என்பதற்குப் போதாது. அதற்கு நம்பகமான இன்னொரு மீட்டர் கட்டாயம்.

ரெஃபரன்ஸை ஐசியின் உள்ளிருந்தே எடுப்பதிலும் ஒரு வினை உண்டு. ஒவ்வொரு கோடும் சுமார் 8 மில்லிஆம்பியர் இழுக்கிறது. 1000 என்று காட்ட 20 கோடுகள் எரிய வேண்டும்; 1111க்கு 8 போதும். எண் மாறினால் ஐசியின் சூடு மாறுகிறது, சூடு மாறினால் ரெஃபரன்ஸ் நகர்கிறது, அதனால் எண் மறுபடி மாறுகிறது. நாய் தன் வாலைத் துரத்துவது போல. எல்எம் 385 போன்ற தனி ரெஃபரன்ஸ் ஐசியை வெளியே வைத்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. எல்இடி மின்னோட்டம் திரும்பும் ஒயரையும் உள்ளீட்டின் தரை ஒயரையும் சப்ளை முனை வரை தனித்தனியாகக் கொண்டு செல்லுங்கள். பிரெட்போர்டில் (சாலிடர் இல்லாமல் செருகிப் பார்க்கும் பலகை) இரண்டும் ஒரே வரிசையில் போனால் கடைசி எண்கள் நிலைகொள்ளாது.

கடைசி எண் நிலைகொள்ளாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதைப் பலர் கவனிப்பதில்லை. பரவலாகப் பிரதி எடுக்கப்படும் சர்க்யூட்டில், ஐசிக்குத் துடிப்பு கொடுக்கும் ஆசிலேட்டருக்கு 100 கிலோ ஓமும் 100 பிகோஃபாரடும் இருக்கும். கடிகாரத் துடிப்பு 48 கிலோஹெர்ட்ஸ். ஐசி உள்ளீட்டைச் சேர்த்துக் கூட்டும் நேரம் 4000 துடிப்புகள், அதாவது 83.3 மில்லிநொடி. 60 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள அமெரிக்காவில் அது சரியாக ஐந்து சுற்று. வீட்டு மின்சாரத்திலிருந்து கசியும் இரைச்சல் மேலும் கீழும் கழிந்து பூஜ்யமாகிவிடும். நம் 50 ஹெர்ட்ஸுக்கு நாலே கால் சுற்றுக்குச் சற்றுக் குறைவு, மிச்சம் எண்ணில் ஏறிக்கொள்ளும். மின்தடையை 120 கிலோ ஓமாக மாற்றினால் துடிப்பு 40 கிலோஹெர்ட்ஸுக்குப் பக்கத்தில் வரும். 100 மில்லிநொடி, ஐந்து முழுச் சுற்று.

அளவீட்டு எல்லையை 200 மில்லிவோல்ட்டிலிருந்து 2 வோல்ட்டுக்கு மாற்றும்போது ரெஃபரன்ஸை மட்டும் மாற்றிவிட்டு நிறுத்துபவர்கள் உண்டு. 47 கிலோ ஓம் மின்தடையை 470 கிலோ ஓமாகவும், 29ஆம் காலில் உள்ள 0.47 மைக்ரோஃபாரடை 0.047 ஆகவும் மாற்ற வேண்டும். இல்லையென்றால் சிறிய அளவுகள் சரியாக வரும், அரை வோல்ட்டை நெருங்கும்போதே கணக்கு கோணலாகும். பாதி சரியாக இருக்கும் மீட்டரை நம்பிவிடுவது எளிது, அதுதான் ஆபத்து. 27ஆம் காலின் 0.22 மைக்ரோஃபாரடுக்குச் செராமிக் வைக்காதீர்கள், பாலிபுரொப்பிலீன் கேட்டு வாங்குங்கள். விலை கூடுதல்தான்.

பேட்டரியை அளக்க மின்னழுத்தத்தைப் பத்தில் ஒன்றாக்கும் இரு மின்தடைகள் வேண்டும். ஐந்து சதவீத வகையைப் போட்டால், மோசமான ஜோடியில் ஒன்பது சதவீதம் வரை தவறலாம். நிறைந்த 12 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரிக்கும் காலியானதற்கும் ஏறத்தாழ ஒரு வோல்ட்தான் வித்தியாசம் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு சதவீத மெட்டல் ஃபிலிம் போடுங்கள். இரண்டும் சேர்ந்து ஒரு மெகா ஓம் இருந்தால் பேட்டரிக்குத் தாராளம். ஆனால் அதே மீட்டரை எல்லாவற்றிலும் வைக்காதீர்கள்: 10 வோல்ட்டைப் பாதியாக்கும் இரண்டு ஒரு மெகா ஓம் மின்தடைகளின் நடுவில் வைத்தால், ஐந்துக்குப் பதில் 3.33தான் காட்டும்.

வீட்டு மின்சாரத்தில் ஒருபோதும் வைக்காதீர்கள். இது நேர்மின்னோட்ட மீட்டர். 230 வோல்ட் உள்ள ஒயரில் வைத்தாலும், ஐசி பிழைத்திருந்தால், நூறு மில்லிநொடியில் மேலும் கீழும் கழித்துவிட்டுப் பூஜ்யத்தையொட்டித்தான் காட்டும். மின்சாரம் இல்லை என்று எண்ணிக் கை வைக்க அந்தப் பூஜ்யம் போதும்.