பல ரெப்போ, ஒரே இலக்கு: என் அனுபவம்

மதுரை விளக்குத்தூண் பக்கத்து ஜவுளிக்கடைகளுக்கு நாங்கள் பில்லிங் மென்பொருள் செய்து தருகிறோம். ஒரே பில்லுக்குப் பாதி ரொக்கம், பாதி யுபிஐ வாங்கும் வசதி கேட்டார்கள். டேட்டாபேஸ், சர்வர், மொபைல் ஆப், ரிப்போர்ட் எல்லாமே மாற வேண்டும். ஒவ்வொன்றும் தனி ரெப்போ (நிரலைச் சேமித்து வைக்கும் இடம்). எது எதற்காகக் காத்திருக்கிறது என்றே தெரியவில்லை.

ரெப்போக்களை வைத்திருக்கும் தளமான கிட்ஹப்பில் ஒரு தாய் இஷ்யூ, அதாவது மொத்த வேலைக்குமான ஒரு குறிப்புப் பக்கம், திறந்தோம். முதல் வரியில் இலக்கு, கீழே எதற்குப் பின் எந்தப் புல் ரிக்வெஸ்ட் (நிரலில் ஒரு மாற்றத்தைச் சேர்க்கச் சொல்லும் கோரிக்கை) என்ற வரிசை.

அந்த வரிசைதான் உயிர். முதலில் டேட்டாபேஸில் புதிய டேபிளைச் சேர்த்தோம். பணம் வந்த விதத்தைக் குறித்து வைத்த பழைய ஃபீல்டைத் தொடவில்லை. அப்புறம் சர்வரை இரண்டிலும் எழுத வைத்து, பழைய பில்களையும் புதிய டேபிளுக்கு நகலெடுத்தோம். பிறகு ரிப்போர்ட்டும் ஆப்பும் புதியதைப் படித்தன. எல்லாக் கடையிலும் ஆப் அப்டேட் ஆன பிறகே பழைய ஃபீல்டை நீக்கினோம். நடுவில் எங்கே நின்றாலும் கடையில் பில் போடலாம். தீபாவளி நேரத்துக் கூட்டத்தை நினைத்தால் இதைவிடப் பெரிய நிம்மதி இல்லை.

இன்னொன்று: புல் ரிக்வெஸ்ட் விளக்கத்தில் ‘Closes’ என்று ஆங்கிலத்தில், இஷ்யூ எண்ணோடு (இஷ்யூ வேறு ரெப்போவில் இருந்தால் எண்ணுக்கு முன் ‘உரிமையாளர்/ரெப்போ’ பெயரும் சேர்த்து) எழுதினால், ரெப்போவின் டீஃபால்ட் கிளையில் (பெரும்பாலும் மெயின்) அந்த மாற்றம் மெர்ஜ் ஆனதும், அதாவது சேர்ந்ததும், கிட்ஹப் அந்த இஷ்யூவைத் தானே மூடிவிடும். நடுவிலுள்ள மாற்றங்களில் அந்தச் சொல் இல்லாமல் ரெப்போ பெயரும் எண்ணும் மட்டும் போதும். கடைசி மாற்றத்தில் மட்டும் அந்தச் சொல்லைப் போடுங்கள்.