நவரத்தின மோதிரத்தில் கனிமங்கள் எத்தனை?

ஒன்பது என்று சட்டென்று சொல்லிவிட்டால் அதுவே முதல் தவறு. அசல் கற்கள் பதித்த மோதிரத்தில் விடை ஐந்துதான்.

முத்தையும் பவளத்தையும் முதலில் ஓரமாக எடுத்து வைத்துவிடலாம். இரண்டும் கடல்வாழ் உயிர்கள் கட்டியவை. கனிமம் என்றால் பூமியின் போக்கில், உயிரின் கை படாமல் விளைந்திருக்க வேண்டும். முத்தின் அடுக்குகளில் இருப்பது அரகோனைட் என்ற கால்சியம் கார்பனேட். அதே அரகோனைட் வெந்நீர் ஊற்றோரம் படிந்தால் கனிமம். சிப்பிக்குள் புரதத்தோடு பிணைந்து வளர்ந்தால் இல்லை. இந்த எல்லைக்கோட்டில் கனிமவியலாளர்களுக்குள்ளேயே கொஞ்சம் இழுபறி உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மிச்சம் ஏழு. அதில் மாணிக்கம், நீலம், கனக புஷ்பராகம் மூன்றும் ஒரே கனிமம்: குருந்தம். கொரண்டம் என்ற உலகப் பெயரே நம் குருந்தத்திலிருந்து போனதுதான். அலுமினியமும் ஆக்சிஜனும் சேர்ந்த இந்தக் கல், சுத்தமாக இருந்தால் நிறமே இல்லாதது. துளி குரோமியம் கலந்தால் சிவப்பு, இரும்பும் டைட்டானியமும் கலந்தால் நீலம். ஆகவே நிறத்தைப் பார்த்துக் கனிமத்தைப் பிரிப்பது ஏமாறும் வழி. (புஷ்பராகம் என்று சொல்லிக் கடைக்காரர் டோபாஸ் என்ற வேறொரு கனிமத்தைப் பதித்திருந்தால் நம் கணக்கு ஆறாகிவிடும்.) வைரம், பெரில் வகையைச் சேர்ந்த மரகதம், கார்னெட் குடும்பத்துக் கோமேதகம், கிரைசோபெரிலான வைடூரியம். இவை நான்கும் தனித்தனி.

'எதனால் ஆனது என்று தெரிந்தால் போதும்' என்பது அடுத்த தவறு. வைரமும் கார்பன்தான், பென்சில் முனையில் களிமண்ணோடு கலந்திருக்கும் கிராஃபைட்டும் கார்பன்தான். அணுக்கள் அடுக்கப்பட்ட விதம் வேறு, அதனால் கனிமமும் வேறு. கிராஃபைட்டில் தகடு தகடாக அடுக்கியிருப்பதால் காகிதத்தில் வழுக்கிக்கொண்டு உதிர்கிறது. வைரத்தில் ஒவ்வொரு அணுவும் நாலு பக்கமும் இறுகக் கட்டுண்டிருக்கிறது.

இந்த உள்ளடுக்கைத்தான் படிகம் என்கிறோம். பலரும் வெளி வடிவத்தைப் படிகம் என்று நினைத்துவிடுகிறார்கள். ஸ்படிக மாலையின் மணி உருண்டையாக இருக்கிறது, ஒரு பட்டைகூடக் கிடையாது. ஆனால் அது குவார்ட்ஸ், அசல் படிகம். கல்யாண மண்டபத்துச் சரவிளக்கில் தொங்குவது பட்டை பட்டையாக மின்னும். ஆனால் அது கண்ணாடி, உள்ளே அணுக்களுக்கு ஒழுங்கே இல்லை. எரிமலை தானாகக் கக்கும் அப்சிடியன் என்ற கண்ணாடியையும் இதனால்தான் கனிமத்தில் சேர்ப்பதில்லை. உங்கள் மாலையில் சந்தேகம் இருந்தால் லென்ஸை வைத்துப் பாருங்கள்: உருண்டையான காற்றுக்குமிழி தெரிந்தால் அது கண்ணாடி. கையில் எடுத்ததும் குவார்ட்ஸ் கண்ணாடியைவிடச் சில்லென்று இருக்கும். கண்ணாடியில் கீறினால் கோடும் விழும்.

பாறையைக் கனிமம் என்பதும் அடிக்கடி காதில் விழுகிறது. பல்லாவரத்துக் கருங்கல்லுக்குச் சார்னோகைட் என்று பெயர். கொல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக்கல் இந்த வகை என்பதால் வந்த பெயர் அது. உடைத்துப் பார்த்தால் குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார், ஹைப்பர்ஸ்தீன் என்று பல கனிமங்கள் கலந்திருக்கும். கனிமங்களின் கூட்டுக்குத்தான் பாறை என்று பெயர்.

பெரிய குழப்பம் செய்தித்தாளில் வருவது. 1957-ஆம் ஆண்டின் சுரங்கங்கள், கனிமங்கள் சட்டம் நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியையும் கனிமம் என்கிறது, ஆற்று மணலைச் சிறு கனிமம் என்கிறது. குத்தகைக்கும் உரிமத்தொகைக்கும் வகுத்த சொல் அது, அதில் தப்பில்லை. ஆனால் பழுப்பு நிலக்கரி மட்கிய மரம் செடிகொடி. அதற்கு நிலையான வேதிக் கூட்டும் இல்லை, படிக அடுக்கும் இல்லை. கனிமவியல் தேர்வில் சட்டத்தின் பொருளை எழுதினால் மதிப்பெண் போய்விடும். சத்து மாத்திரை டப்பாவில் போட்டிருக்கும் 'மினரல்' வேறு கதை. அங்கே சொல்ல வருவது இரும்பு, துத்தநாகம் போன்ற தனிமங்களை.

கடைசியாக, கனிமம் என்றால் கல்தான் என்ற நினைப்பு. ஊட்டியில் மார்கழிக் காலையில் புல்மேல் வெள்ளையாகப் படிந்திருக்கும் உறைபனி இயற்கையானது, திடமானது, அறுகோண அடுக்குள்ள படிகம். எல்லாத் தகுதியும் பெற்ற கனிமம். வீட்டு ஃப்ரிட்ஜில் உறைந்த ஐஸுக்கு அந்தப் பட்டம் கிடையாது. அது நாம் செய்தது. ஆய்வகத்தில் வளர்த்த வைரத்துக்கும் இதே கதிதான். வெயில் ஏறினால் ஊட்டிப் புல்மேல் இருந்த கனிமமும் தண்ணீராகிப் பட்டியலை விட்டு இறங்கிவிடும். திரவமாக இருந்தும் பழைய வழக்கத்தால் உள்ளே உட்கார்ந்திருப்பது பாதரசம்.