மொட்டை மாடியில் வியாழன்: கோள்களைப் படமெடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

டெலஸ்கோப்பைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனதுதான் நான் செய்த முதல் தவறு. வீடு நாகர்கோவில் பக்கம். ஆறு அங்குலக் கண்ணாடியால் ஒளியைக் குவிக்கும் நியூட்டோனியன் டெலஸ்கோப் வந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. பிப்ரவரி மாதம், வானத்தில் பொட்டு மேகம் இல்லை. இரவு எட்டு மணிக்கு வெறுங்காலோடு ஏறினால் தளம் இன்னும் வெதுவெதுவென்று இருந்தது. அதை நான் பொருட்படுத்தவில்லை. கண் வைத்துப் பார்க்கும் ஐபீஸில் பார்த்தால், கொதிக்கிற தண்ணீருக்கு அடியில் கிடக்கும் காசு மாதிரி வியாழன் நெளிந்துகொண்டிருந்தது. விற்றவரிடம் போய்ச் சண்டையும் போட்டேன். பாவம், அவர்மேல் தப்பே இல்லை.

பகல் முழுக்க வெயில் குடித்த கான்கிரீட், நடுராத்திரி வரை சூட்டைக் கக்கிக்கொண்டே இருக்கும். அந்தச் சூடான காற்று டெலஸ்கோப்பின் வாய்க்கு முன்னாலேயே மேலேறுகிறது. எத்தனை ஆயிரம் ரூபாய் கேமரா வைத்தாலும் அதைத் தாண்டிப் பார்க்க முடியாது. மறுநாள் வீட்டுக்குப் பின்னால் விளையில், தென்னைகளுக்கு நடுவே மண் தரையில் வைத்தேன். "என்ன மக்கா, ராத்திரி தென்னைக்குக் காவலா?" என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்டார். கேட்டால் கேட்கட்டும். வியாழனின் இரண்டு மேகப் பட்டைகளும் அன்றுதான் முதன்முதலில் ஒழுங்காகத் தெரிந்தன.

தரைச்சூடு ஒன்று, கண்ணாடியின் சூடு இன்னொன்று. வீட்டுக்குள் இருந்த டெலஸ்கோப்பை எடுத்து வந்தவுடன் ரெக்கார்டிங்கைத் தொடங்காதீர்கள். ஒரு மணி நேரமாவது வெளியே கிடக்கட்டும். ஆறிவிட்டதா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. பிரகாசமான ஒரு நட்சத்திரத்தைப் பிடித்து, ஃபோகஸை வேண்டுமென்றே கலைத்துவிடுங்கள். நட்சத்திரம் ஒரு வட்டமாக விரியும். அதற்குள் தோசைக்கல்லுக்கு மேலே நடுங்கும் காற்று மாதிரி அலைகள் மெதுவாக ஊர்ந்தால், கண்ணாடி இன்னும் ஆறவில்லை. ஏசி அறையில் வைத்திருந்தால் கதை தலைகீழ். வெளியே கொண்டு வந்ததும் நம்ம ஊர் ஈரக்காற்றில் கண்ணாடி வேர்த்துவிடும். துணியால் துடைக்காதீர்கள், தானாகக் காயட்டும்.

அடுத்தது கிட்டத்தட்ட எல்லோரும் செய்யும் தப்பு. மழை பெய்து ஓய்ந்து, நட்சத்திரங்கள் பளிச்சென்று கண்சிமிட்டும் இரவுக்காகக் காத்திருப்பது. வானம் தெளிவாக இருப்பது வேறு, காற்று அசையாமல் இருப்பது வேறு. கண்சிமிட்டல் என்பதே மேலே காற்று கலங்குவதன் அடையாளம்தான். மங்கலான விண்மீன்கூட்டங்களைப் பார்க்க அந்த இரவு நல்லது, கோள்களுக்கு உதவாது. கொஞ்சம் புழுக்கமாக, லேசான மூட்டத்தோடு, நட்சத்திரங்கள் சிமிட்டாமல் குத்திட்டு நிற்கும் இரவுகளில்தான் எனக்கு நல்ல படங்கள் கிடைத்திருக்கின்றன. ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் இருப்பவர்களுக்கு இன்னொரு தொல்லை உண்டு. காற்றாலை சுழலும் மாதங்களில் டெலஸ்கோப் குழாயும் சேர்ந்து ஆடும். அந்த மாதங்களை விட்டுவிடுவதே மேல்.

கடலுக்கு மேலே கோள் எழும்போதே படமெடுக்க ஆசை வரும். அழகுதான், ஆனால் பயன் இல்லை. தலைக்கு நேர் மேலே இருப்பதைவிட 30 டிகிரி உயரத்தில் இரண்டு மடங்கு காற்றையும், 10 டிகிரியில் ஐந்தரை மடங்கு காற்றையும் ஊடுருவித்தான் ஒளி வருகிறது. இரண்டு மூன்று மணி நேரம் பொறுத்தால் போதும். நாம் இருப்பது 8 டிகிரி வட அட்சரேகையில், கோள்கள் உச்சிக்குப் பக்கமாகவே கடந்து போகும். கோள்களைப் படமெடுப்பதில் பேர்போன, இங்கிலாந்தைச் சேர்ந்த டேமியன் பீச் நல்ல வியாழன் படங்களுக்காக பார்படோஸ் தீவு வரை போய்வந்தவர். அது 13 டிகிரி. நமக்கு விளைக்கு மேலேயே கிடைக்கிறது.

ஆனால் உச்சியிலும் ஒரு சங்கடம் இருக்கிறது. கையால் தள்ளித் திருப்பும் டாப்சன் வகை டெலஸ்கோப்பை நேர் மேலே திருப்பிவிட்டால், கோளைப் பின்தொடர்ந்து தள்ளுவது பெரும்பாடு. 60, 70 டிகிரியிலேயே வேலையை முடித்துவிடுங்கள். அச்சைத் துருவ நட்சத்திரத்தை நோக்கி வைத்துச் சுழற்றும் தாங்கியான ஈக்வடோரியல் மவுண்ட் வைத்திருப்பவர்களுக்கு வேறு தலைவலி. துருவ நட்சத்திரம் நமக்கு 8 டிகிரி உயரத்தில், தென்னைக்கும் மலைக்கும் பின்னால் ஒளிந்திருக்கும். குளிர்நாடுகளை மனதில் வைத்துச் செய்த பல மவுண்ட்கள் அவ்வளவு கீழே சாயவும் சாயாது. எடைக்கம்பி முக்காலியின் காலில் இடிக்கும். இடிக்கும்போது திருகை பலவந்தமாக முறுக்காதீர்கள். தெற்குப் பக்கக் காலுக்கு அடியில் பலகை கொடுத்து முழு முக்காலியையும் வடக்கே கொஞ்சம் சாய்த்தால் சரியாகிவிடும். கல்லை மட்டும் அடுக்காதீர்கள், வழுக்கும்.

இனி கேமரா. ஒற்றை ஃபோட்டோ எடுக்காதீர்கள், வீடியோ எடுங்கள். ஆயிரக்கணக்கான ஃப்ரேம்களில் காற்று ஒரு கணம் அடங்கியவை கொஞ்சம் இருக்கும். ஆட்டோஸ்டாக்கர்ட் போன்ற இலவச மென்பொருள் அவற்றைப் பொறுக்கி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒரே படமாக்கித் தரும். மொபைலில் எடுத்தால் வியாழன் வெள்ளைப் பந்தாக வரும். திரையில் விரலை அழுத்தி எக்ஸ்போஷரைப் பூட்டி, பட்டைகள் தெரியும் வரை வெளிச்சத்தைக் குறையுங்கள். வியாழனின் நிலாக்கள் மங்கும், மங்கட்டும்.

வீடியோவை நீட்டவும் கூடாது. வியாழன் 9 மணி 55 நிமிடத்தில் ஒரு சுற்று சுற்றிவிடுகிறது. ஆறு அங்குலத்தில் மூன்று நிமிடம் தாண்டினால் அதன் புள்ளிகள் இழுபடத் தொடங்கும்.

டெலஸ்கோப் பெட்டியில் '675 மடங்கு' பெரிதாக்கும் என்று அச்சடித்திருந்தால் நம்பாதீர்கள். கேமராவுக்கு ஒரு தோராயக் கணக்கு உண்டு. பிக்சல் அளவை மைக்ரானில் எடுத்து ஐந்தால் பெருக்கினால் வரும் எண்தான் வைக்க வேண்டிய எஃப் விகிதம் (குவியத் தூரத்தைக் கண்ணாடியின் விட்டத்தால் வகுத்தால் வருவது). 2.9 மைக்ரான் கேமராவுக்கு எஃப் 15 அளவு. எஃப் 5 டெலஸ்கோப்பில் குவியத் தூரத்தை மூன்று மடங்காக்கும் 3 எக்ஸ் பார்லோ லென்ஸ் போட்டால் அது வந்துவிடும். அதற்கு மேல் இழுத்தால் மங்கல்தான் பெரிதாகும்.

கடைசியில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஷார்ப்பனிங்கை இழுத்துவிடுவது. கோளின் விளிம்பில் வெங்காயத் தோல் மாதிரி ஒரு வளையம் வந்தால் அளவு மீறிவிட்டது என்று அர்த்தம். செவ்வாயில் இது சீக்கிரமே வரும். அந்தப் படத்தை மறுநாள் காலையில் ஒருமுறை பாருங்கள், நீங்களே பாதியைக் குறைப்பீர்கள்.

முட்டம், குளச்சல் மாதிரி கடலோரத்தில் இருப்பவர்கள் டெலஸ்கோப்பை இரவு முழுக்க வெளியே விடவே கூடாது. உப்புக்காற்று கண்ணாடியின் அலுமினியப் பூச்சைத் தின்னும். பனி காய்ந்த பிறகு மூடி போட்டு, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு உள்ளே வையுங்கள்.

2027 பிப்ரவரி 10ஐ ஒட்டி வியாழனும் 19ஐ ஒட்டி செவ்வாயும் எதிர்நிலைக்கு, அதாவது பூமியிலிருந்து பார்க்கும்போது சூரியனுக்கு நேர் எதிரே, வருகின்றன. இரண்டும் நடுராத்திரியில் நம் உச்சிக்குப் பக்கத்தில் இருக்கும், பெரும்பாலும் மழையும் இருக்காது. செவ்வாயின் வட்டு அப்போது 14 ஆர்க் செகண்டைக்கூட (ஒரு டிகிரியில் 3600இல் ஒரு பங்குதான் ஓர் ஆர்க் செகண்ட்) எட்டாது, வியாழனில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. முதலில் வியாழனில் கை பழகிவிட்டு அப்புறம் செவ்வாய்ப் பக்கம் திருப்புங்கள்.