ஆயிலில் வந்த செம்மண்

எங்கள் டீசல் வண்டிக்கு 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயில் மாற்றுவேன். போன முறை பழைய ஆயிலைச் சோதனைக்கு அனுப்பினேன். எஞ்சின் சூடாக இருக்கும்போதே, பாதி வடிந்த பிறகு பிடிக்க வேண்டும். முதலில் வருவதில் அடிக்கசடு இருக்கும்.

அறிக்கையில், எஞ்சின் தேய்மானத்தைக் காட்டும் இரும்பு அதிகம். இனி 5,000-லேயே மாற்றிவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. அப்புறம் சிலிக்கானைப் பார்த்தேன்: 48 பிபிஎம் (பத்து லட்சத்தில் 48 பங்கு). அதற்கு முந்தைய முறை 12. எஞ்சினைப் பிரித்திருந்தால் புது கேஸ்கட் பசையிலிருந்து வந்தது எனலாம். நான் பிரிக்கவே இல்லை. அலுமினியமும் கூடவே ஏறியிருந்தது; மண்ணில் இவை இரண்டுமே உண்டு. அப்படியென்றால் மண்தூசிதான்.

ஏர் ஃபில்டர் புதிது. அதற்கும், எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் டர்போவுக்கும் நடுவே உள்ள ரப்பர் குழாயைக் கழற்றி, உள்ளே விரலால் தடவினேன். செம்மண் பொடி ஒட்டிக்கொண்டு வந்தது. கிளாம்புக்கு அடியில் நகம் நுழையும் அளவு வெடிப்பு! குழாய், கிளாம்பு இரண்டையும் மாற்றினேன்.

5,000 கிலோமீட்டரில் மறுபடி சோதித்தேன். சிலிக்கான் 9. ஓடிய தூரம் பாதிதான் என்பதால், இரும்பை ஆயிரம் கிலோமீட்டருக்கு எவ்வளவு என்று வகுத்துப் பார்த்தேன். அப்படியும் நன்றாகக் குறைந்திருந்தது. ஆயிலில் சேரும் அமிலத்தைச் சமாளிக்கும் காரத்தன்மையும் போதுமான அளவு மிச்சம் இருந்தது. அதனால் பழையபடி 10,000-லேயே மாற்றுகிறேன்.