மிதவைக்கும் ஃபீடருக்கும் ரீல் தேர்ந்தெடுத்தல்

மிதவைத் தூண்டிலுக்கு 2500 அல்லது 3000 அளவுள்ள இலகுவான ரீல் (தூண்டில் நரம்பைச் சுற்றும் கருவி) போதும். இரை நிரப்பிய ஃபீடரை, அதாவது நரம்பில் கட்டும் சிறு இரைக்கூட்டை, தொலைவுக்கு வீசி மீண்டும் மீண்டும் இழுக்க வேண்டியிருப்பதால், அதற்கு 4000 அளவே பொருந்தும். ஆயினும் இந்த எண்கள் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுபடுவதால், ரீலைக் கோலில் பொருத்திக் கையில் பிடித்துப் பார்ப்பதே நம்பகமானது.

மிதவை அசைந்தவுடன் தளர்ந்த நரம்பை விரைந்து சுற்ற வேண்டும் என்பதால் 5:1 (கைப்பிடியின் ஒரு சுற்றுக்கு நரம்பு ஐந்து சுற்றுச் சுற்றப்படும்) அல்லது அதற்கு மேற்பட்ட பல்சக்கர விகிதம் உதவும். கனமான ஃபீடருக்கு அதைவிடச் சற்றுக் குறைந்த விகிதம் கையைச் சோர்வடையச் செய்யாது.

பலரும் கவனிக்கத் தவறுவது, ஸ்பூலின் (நரம்பு சுற்றியிருக்கும் உருளையின்) பக்கவாட்டில், நரம்பைச் செருகி நிறுத்த உள்ள கிளிப்பைத்தான். ஒவ்வொரு வீச்சும் ஒரே தொலைவில் விழுவதற்கு ஃபீடரில் இதுவே துணை. அதன் விளிம்பு கூராக இருந்தால் மெல்லிய நரம்பு அங்கேயே அறுந்துவிடும் என்பதால், விரல் நுனியால் தடவிப் பார்த்து, வழவழப்பான வட்டக் கிளிப் உள்ளதையே வாங்குவது நல்லது. மீன் இழுக்கும்போது நரம்பை அளவாக விட்டுக்கொடுக்கும் தடையமைப்பான டிராக்கைச் சற்று இறுக்கி நரம்பைக் கையால் இழுக்கும்போது, அது வெட்டி வெட்டி வராமல் சீராக வர வேண்டும். பந்துத் தாங்கிகளின் எண்ணிக்கையைப் பெட்டியில் எவ்வளவு பெரிதாக அச்சிட்டிருந்தாலும், அதற்காக மட்டும் கூடுதல் பணம் கொடுக்கத் தேவையில்லை.